நாலு பேர், ஒரு படகு: ஒன்ராறியோ ஏரியில் சால்மனுக்குத் தூண்டிலை எப்படி இறக்குவது?

மாசி மாதம், ஏரிக்கரைப் பாறைகளில் பனிக்கட்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே எங்களுக்குள் கதை தொடங்கிவிடும். இந்த வருசம் என்ன வாங்குவது? படகு வைத்திருக்கும் நண்பன் தூண்டிலை ஆழத்துக்கு இறக்கும் ராட்டினம், அதாவது டவுன்ரிக்கர், இன்னும் இரண்டு பூட்டவேண்டும் என்பான். காணொளி பார்த்தே மீனவனாகிவிட்ட இன்னொருவன் தூண்டில் நூலுக்குச் செப்புக் கம்பியை விட்டால் வேறொன்றும் இல்லை என்பான். மூன்றாமவன், "ஏன்டா இவ்வளவு சாமான்? கப்டனோட ஒரு படகை நாள் வாடகைக்கு எடுப்பம், பிடிச்சுக்கொண்டு வருவம்" என்று முடித்துவிடுவான். மூன்று பேர் சொல்வதும் சரிதான். ஆனால் மூன்று பேரும் மூன்று வேறு மாதங்களை மனதில் வைத்துக்கொண்டு கதைக்கிறார்கள். எனக்கு அது விளங்க மூன்று கோடை எடுத்தது.

நாங்கள் பிடிக்கும் முறைக்குப் பெயர் ட்ரோலிங். அந்தச் சொல்லைக் கேட்டதும் முகநூல் வம்பு ஞாபகத்துக்கு வருபவர்களுக்கு ஒரு வரி: படகை மெதுவாக ஓட்டிக்கொண்டே, பின்னால் போலி இரையை இழுத்துச் செல்வதுதான் அது. நின்ற இடத்தில் தூண்டில் போட்டுக் காத்திருக்கும் வேலை இல்லை. ஏரியின் அளவைப் பார்த்தால் காரணம் விளங்கும். வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் பரப்பில் ஆகச் சிறியது ஒன்ராறியோ ஏரி. அந்தச் சிறியதே 311 கிலோமீட்டர் நீளம், 85 கிலோமீட்டர் அகலம், ஆகக்கூடிய ஆழம் 244 மீட்டர். இதற்குள் மீன் உங்களைத் தேடி வரட்டும் என்று இருந்தால் வெறும் வாளியோடுதான் வீட்டுக்குப் போகவேண்டும்.

இந்த மீன்களில் பாதிக்கு மேல் ஊருக்குப் புதியவை, எங்களைப் போல. ஏரிக்குச் சொந்தமான அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிருந்து அழிந்துபோனது. சால்மனின் உறவான ஏரி ட்ரவுட்டை அளவுக்கு மிஞ்சிய மீன்பிடியும், விலாங்குபோல் இருந்து மீனில் ஒட்டி இரத்தம் உறிஞ்சும் கடல் லாம்ப்ரேயும் சேர்ந்து முடித்துவைத்தன. பெரிய மீன் இல்லாத ஏரிகளில் ஏல்வைஃப் என்ற சிறு மீன் கட்டுக்கடங்காமல் பெருகியது. அதைத் தின்ன ஆள் வேண்டும் என்றுதான் 1966இல் மிச்சிகன் மாநிலம் பசிபிக் கரையின் கோஹோ சால்மனைக் கொண்டுவந்து விட்டது, அடுத்த வருசம் சினூக் சால்மனை. 1968இலிருந்து ஒன்ராறியோ ஏரியிலும் விட்டார்கள். இன்றைக்கு நாங்கள் 'கிங்' என்று கொண்டாடுகிற சினூக் அப்படி வந்த குடியேறிதான். ரெயின்போ ட்ரவுட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்த பிரவுன் ட்ரவுட்டும் அதற்கு முன்னமே வந்து சேர்ந்தவை.

## முதலில் குளிரைப் பாருங்கள்

எந்த முறை நல்லது என்று கேட்பதற்கு முன் மீன் எங்கே நிற்கிறது என்று கேட்கவேண்டும். இந்த மீன்களுக்கு ஆழத்தைவிட நீரின் குளிர்தான் பெரிது. சினூக் 11 முதல் 13 பாகை செல்சியஸ் நீரைத் தேடும். ஏரி ட்ரவுட் அதைவிடக் குளிரான நீரில், 8 முதல் 10 பாகையில், பெரும்பாலும் அடியோடு ஒட்டி நிற்கும். ரெயின்போ கொஞ்சம் வெதுவெதுப்பைப் பொறுக்கும். பிரவுன் ட்ரவுட் 15 பாகைக்கு மேலும் சந்தோசமாகத் திரியும்.

சித்திரை, வைகாசியில் ஏரி முழுவதும் குளிர். அந்த நேரம் கரையோரம்தான் முதலில் சூடேறும். அதனால் பிரவுன் ட்ரவுட் ஆறு கலக்கும் இடங்களில் 6 அடி, 10 அடி, 15 அடி நீருக்குள் வந்து நிற்கும். ஆடி, ஆவணியில் மேல் நீர் சுட்டுவிடும். சூட்டு நீருக்கும் குளிர் நீருக்கும் நடுவே ஒரு மெல்லிய எல்லைப் படை உருவாகும். சினூக் அந்தப் படையை ஒட்டி 50, 70, சில நாள் 100 அடிக்குக் கீழேயும் போய்விடும்.

அந்தப் படை ஒரே இடத்தில் கிடக்காது என்பதுதான் வேடிக்கை. வட கரையில் மேற்கிலிருந்து கச்சான் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால், பூமி சுழலும் விதத்தால் மேல் நீர் வலப்பக்கமாக, அதாவது தெற்கே நடு ஏரிக்குத் தள்ளப்படும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர் நீர் கரையோரம் மேலே வரும். கொண்டல் காற்று என்றால் தென் கரைக்கு அதே கதை. சனிக்கிழமை 80 அடியில் பிடித்த மீனைத் தேடி அடுத்த சனிக்கிழமை 80 அடிக்கே இறக்கிவிட்டு, "ஏரியில மீனே இல்லை மச்சான்" என்று பேசிக்கொண்டு வந்த நாட்கள் எங்களிடம் உண்டு. மீன் 35 அடியில் எங்கள் இரைக்கு மேலே போய்க்கொண்டிருந்திருக்கும்.

ஆகவே ஒப்பிடவேண்டியது இதைத்தான்: இரையை வேண்டிய ஆழத்துக்குக் கொண்டுபோய், அங்கேயே வைத்திருந்து, படகில் இருக்கும் நாலு பேரும் ஒருவரோடு ஒருவர் சிக்காமல் பார்த்துக்கொள்வது எந்த முறை? கடைசிப் பகுதியைக் கடையில் யாரும் சொல்லமாட்டார்கள். என் கணக்கில் அதுவே முதலாவது.

## டவுன்ரிக்கர்

படகின் பின்பக்கத்தில் பூட்டிய ஒரு ராட்டினம், அதில் எஃகுக் கம்பி, கம்பி நுனியில் 10 முதல் 15 பவுண்டு ஈயக்குண்டு. தூண்டில் தங்கூசியை, அதாவது நைலான் நூலை, குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் கவ்வவைத்துக் குண்டை இறக்குகிறோம். ராட்டினத்தில் எண் ஓடும். 60 அடி என்றால் 60 அடி. மீன் கடித்து இழுத்ததும் தங்கூசி கிளிப்பிலிருந்து கழன்றுவிடும். அதற்குப் பிறகு உங்கள் கையில் தடியும் மீனும் மட்டும்தான். ஈயமோ வேறு பாரமோ நடுவில் இல்லை.

இதன் பெரிய பலம் துல்லியம். மீன் தேடும் கருவியின் திரையில் 65 அடியில் கொக்கி வடிவில் ஒரு கோடு தெரிந்தால், 60க்கு இறக்கிவிடலாம். மீன் மேல்நோக்கிப் பார்த்துத்தான் கடிக்கும், அதனால் எப்போதும் கொஞ்சம் மேலே. ஆனால் எண் காட்டுவதை அப்படியே நம்பவேண்டாம். மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் 100 அடிக் கம்பி பின்னால் சாயும், குண்டு 100ஐவிட மேலேதான் நிற்கும். கம்பியின் சாய்வைக் கண்ணால் பார்த்துக் கணக்குப் போடப் பழகிக்கொள்ளவேண்டும். சாய்வு அதிகம் என்றால் பாரம் கூடிய குண்டு.

புது ஆளுக்கு இது நல்லதா? மீனை இழுப்பதற்கு, மிக நல்லது. முதன்முதலாக வந்த நண்பனின் கையில் தடியைக் கொடுத்து நிறுத்தலாம். கடி விழும் காட்சி வேறு: குண்டின் பாரத்தால் வில்லாக வளைந்து நின்ற தடி, கிளிப் கழன்றதும் சட்டென்று நிமிர்ந்து, ஒரு கணம் தொய்ந்து, மறுபடி குனியும். அந்தத் தொய்வுக்குள் கைப்பிடியைச் சுற்றி நூலை இறுக்கவேண்டும். பாதி மீன் அங்கேதான் தவறுகிறது. நாங்கள் "சுத்து, சுத்து!" என்று கத்திக்கொண்டிருப்போம், அவன் தடியைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இறக்குவதற்குத்தான் பழக்கம் தேவை. கிளிப்பின் இறுக்கம் ஒரு கலை. தளர்வாக வைத்தால் அலையிலேயே கழன்றுவிடும். இறுக்கமாக வைத்தால் சின்ன மீன் மாட்டியும் கழலாது. ஒரு காலை முழுவதும் ஒரு தடி ஓடிக்கொண்டிருந்தது, கடி இல்லை. முனை மட்டும் இடைக்கிடை தையல் மெசின் ஊசிபோல் லேசாகத் துடித்தது. அலை என்று விட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்து மேலே எடுத்தால் முழங்கை நீளம்கூட இல்லாத ரெயின்போ ஒன்று இழுபட்டுச் செத்துக்கிடந்தது. அன்றைக்கிருந்து முனை துடித்தால் உடனே எடுத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு குறை: குண்டு படகுக்கு நேர் கீழே போகிறது. இரண்டு டவுன்ரிக்கர் என்றால் படகின் அகலத்துக்குள்தான் உங்கள் வலை. மீன் படகின் சத்தத்துக்கு விலகும் நாளில், அதுவும் ஆழமில்லாத நீரில், இது ஒரு நட்டம். கிளிப்புக்கும் இரைக்கும் இடையே 15 அடி விடுவதற்குப் பதில் 60, 80 அடி விட்டுப் பார்க்கலாம். ஆழம் கூடக்கூட அந்த இடைவெளியைக் குறைக்கலாம்.

## டைவர்

இதற்கு நான் கொஞ்சம் பட்சபாதம் என்று முன்னமே சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அளவான வட்டப் பிளாஸ்டிக் தட்டு, ஒரு பக்கத்தில் பாரம். தண்ணீரை எதிர்த்து இழுக்கும்போது பட்டம் மேலே ஏறுவதுபோல் இது கீழே ஏறும். சின்ன வயதில் பட்டத்துக்கு முச்சை கட்டியவர்களுக்கு இது உடனே விளங்கிவிடும். அடித்தட்டைத் திருப்பி வைத்தால் இடப்பக்கமோ வலப்பக்கமோ விலகியும் போகும். டிப்சி என்ற பெயரில் விற்கும் டைவரில் 0 முதல் 3 வரை எண் உண்டு. 0 நேரே கீழே, 3 ஆக அகலம். அகலம் கூடினால் ஆழம் குறையும்.

ராட்டினம் வேண்டாம், மின்சாரம் வேண்டாம், படகில் ஓட்டை போடவேண்டாம். வலுவான தடி, நூலின் நீளத்தை எண்ணும் ரீல், பின்னல் நூல், தட்டு. இவ்வளவும் ஒரு டவுன்ரிக்கரின் பக்கத்தில்கூட வராத செலவு. சின்னப் படகுக்காரருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? பொதுவாக வெளியே விட்ட நூலின் மூன்றில் ஒன்று முதல் பாதி வரை ஆழம் கிடைக்கும். பெட்டியோடு வரும் அட்டவணை நல்ல தொடக்கம். ஆனால் உங்கள் நூலின் தடிப்பும் வேகமும் வேறு என்றால் எண்ணும் வேறு. 150 அடி விட்டபோது கடித்தது என்றால் மறுபடி 150 விடுங்கள். உண்மையான ஆழம் என்ன என்பது பிறகு யோசிக்கவேண்டிய விசயம்.

கடி விழும் விதத்துக்காகவே டைவரை விரும்புகிறவர்கள் உண்டு, நானும் ஒருவன். டவுன்ரிக்கர் தடி நிமிரும். டைவர் தடியோ, தாங்கியில் இருந்தபடியே தண்ணீரைத் தொடும் அளவுக்குக் குனிந்து, ரீல் அலறும். யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. தூங்கிக்கொண்டிருந்தவனும் எழும்பிவிடுவான்.

இனிக் குறைகள். மீன் கடித்தால் தட்டின் பிடி கழன்று தட்டையாகும், அப்போது இழுவை குறையும். மீன் இல்லாமல் எடுக்கும்போது நாங்களே தடியை உதறிக் கழற்றவேண்டும். கழலாவிட்டால் ஓடும் படகில் ஒரு வாளியைத் தண்ணீருக்குள் இழுப்பதுபோல் இருக்கும். பழக்கமில்லாதவர் பத்து நிமிடத்தில் கை ஓய்ந்து உட்கார்ந்துவிடுவார். பின்னல் நூலுக்கு நீட்சி இல்லாததால் உதறல் தட்டுக்குப் போய்ச் சேரும். நைலான் தங்கூசியில் 200 அடி விட்டால் உதறல் பாதி வழியில் தொலைந்துவிடும். ஆனால் நீட்சி இல்லாத நூலில் பெரிய மீன் அடித்தால் அறுந்தும் போகும். அதற்குத்தான் தட்டுக்கும் இரைக்கும் இடையே ரப்பர் இழுவை ஒன்றைச் சேர்க்கிறார்கள். இன்னொன்று: தட்டு தடி முனையைத் தாண்டி ரீலுக்குள் வராது. அதனால் தட்டுக்குப் பின்னால் விடும் நூல் 7, 8 அடிக்குள் இருக்கவேண்டும். 12 அடி விட்டு மீனைப் பக்கத்தில் கொண்டுவந்து, வலை எட்டாமல் நின்ற அனுபவம் ஒருமுறை போதும்.

## ஈயநூலும் செப்புக் கம்பியும்

ஈயநூல் என்பது நடுவில் ஈய இழை ஓடும் பின்னல் நூல். ஒவ்வொரு 30 அடிக்கும் நிறம் மாறும். அதனால் "பத்துக் கலர் விடு" என்றால் 300 அடி. ஒரு நிறத்துக்குச் சுமார் 5 அடி ஆழம் என்பது இரண்டு மைல் வேகத்துக்கான பழைய கணக்கு. அப்படியானால் பத்து நிறம் விட்டும் 50 அடிதான். செப்புக் கம்பி இன்னும் வேகமாகத் தாழும். 300 அடி விட்டால் 70 அடி அளவுக்குப் போகும்.

இதன் அழகு, இரை படகிலிருந்து வெகுதூரத்தில், சத்தமில்லாமல், நூலின் பாரத்தாலேயே மிதந்து மிதந்து போவது. படகு திரும்பும்போது உள்வளைவில் இருக்கும் நூல் வேகம் குறைந்து தாழும், வெளிவளைவில் இருப்பது ஏறும். கடி எப்போதும் உள்வளைவில் விழுகிறது என்றால், மீன் மெதுவாக அல்லது ஆழமாகக் கேட்கிறது என்று அர்த்தம். இதைவிட நல்ல துப்பு வேறு எந்தக் கருவியும் தராது.

ஆனால் நண்பர்களோடு போகும் படகுக்கு? இதில் எனக்குக் கசப்பு உண்டு. ஒரு ஆவணி மாதக் காலை. இரண்டு செப்பு, இரண்டு டவுன்ரிக்கர். தூரத்தில் பறவைக் கூட்டம் தெரிகிறது என்று, சுக்கானில் நின்றவன் சட்டென்று இடப்பக்கம் ஒடித்தான். "டேய், திருப்பாதை!" என்று நான் கத்தியது இயந்திரச் சத்தத்தில் போய்விட்டது. உள்பக்கத்துச் செப்பு தாழ்ந்து டவுன்ரிக்கர் கம்பியைச் சுற்றியது, வெளிப்பக்கத்துச் செப்பு மேலே ஏறி இரண்டையும் சேர்த்துக் கட்டியது. செப்பு ஒருமுறை மடிந்தால் அந்த இடத்தில் அறும், நிமிர்த்திப் பயனில்லை. முக்கால் மணி நேரம் நாலு பேரும் குனிந்து குறடால் வெட்டிக்கொண்டிருந்தோம். பறவைகள் அதற்குள் போய்விட்டன. திருப்பியவனைச் சொல்லிக் குற்றமில்லை. செப்பு விட்டிருக்கும்போது பெரிய வட்டமாகத்தான் திரும்பவேண்டும் என்று அவனுக்கு யார் சொன்னது? நான்தான் சொல்லியிருக்கவேண்டும்.

மீன் கடித்தாலும் அது 300 அடிக்கு அப்பால், அதன் பின்னால் இன்னும் நூல். 20 பவுண்டு சினூக் ஒன்று அங்கிருந்து ஓடத்தொடங்கினால் கை நோவு மறுநாளும் இருக்கும். அதுவே வேண்டும் என்பவர்களுக்கு இது சொர்க்கம். இரண்டு பேர் மட்டும், இருவரும் பழகியவர்கள் என்றால் நானும் செப்பு விடுவேன். நாலு பேர், அதில் இருவர் புதுசு என்றால் பெட்டியிலேயே கிடக்கட்டும்.

## வசந்தகாலம்: சுலபமான மீன், கொடிய தண்ணீர்

மேலே சொன்ன சாமான் எதுவும் இல்லாமல் பிடிக்கும் காலமும் ஒன்றுண்டு. சித்திரையில் பிரவுன் ட்ரவுட் கரையோரம் நிற்கும்போது ஆழம் தேவையில்லை. சின்ன மீன் வடிவப் போலி இரையை 80, 100 அடி பின்னால் விட்டு, நூலில் ஒரு மிதவைப் பலகையைக் கவ்வவைத்தால் போதும். பலகை தண்ணீரை எதிர்த்துப் பக்கவாட்டில் விலகிப் போய் இரையைப் படகின் சத்தத்துக்கு வெளியே கொண்டுபோகும். சாதாரணத் தடி, சாதாரண நூல். பலகை பின்னோக்கி இழுபட்டால் மீன். குழந்தைக்கும் விளங்கும்.

செலவும் குறைவு, சிக்கலும் குறைவு. அப்படியானால் புதியவர்கள் வசந்தத்தில்தானே தொடங்கவேண்டும்? இந்தக் கேள்விக்கு நான் "ஆம்" சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. அந்த மாதங்களில் தண்ணீர் 4, 5 பாகை. குளிர்நீரில் விழுந்தவருக்கு 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்லித்தருவார்கள்: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கையும் காலும் சொன்னபடி கேட்க 10 நிமிடம், நினைவு தவற 1 மணி நேரம். 10 நிமிடத்துக்குப் பிறகு நீந்தத் தெரிந்தவரும் நீந்தமாட்டார். உயிர்காப்பு அங்கி போட்டிருந்தால்தான் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்குக் கிடைக்கும். இருக்கைக்குக் கீழே மடித்து வைத்த அங்கி கணக்கில் இல்லை. வெதுவெதுப்பான காற்று குளிர்நீர் மேல் வந்தால் மூடுபனியும் பத்து நிமிடத்தில் இறங்கிவிடும்.

கோடையில் தண்ணீர் மன்னிக்கும், மீன் மன்னிக்காது. வசந்தத்தில் இதற்கு எதிர்மாறு. அதனால் வசந்தத்துக்கு என் விதி: ஏரியைத் தெரிந்தவர் ஒருவர் கட்டாயம், புதியவர் ஒருவருக்கு மேல் வேண்டாம், அங்கி போடாதவர் கரையில் நிற்கலாம்.

## சொந்தப் படகா, கப்டன் படகா?

இதில் அதிகம் சொல்ல இல்லை. முதல் தடவை என்றால் கப்டனோடு போங்கள், அதுவும் ஆடி ஆவணியில். அவர் முந்தின நாளும் அதே நீரில் இருந்திருப்பார், குளிர்ப்படை எங்கே நிற்கிறது என்று தெரியும். பத்துத் தூண்டில்வரை சிக்காமல் ஓட்டுவார். மீன் படும் வாய்ப்பு உங்கள் படகைவிட அங்கே பலமடங்கு.

நட்டமும் உண்டு. தூண்டில் இறக்கும் வேலை முழுவதையும் உதவியாளர் செய்துவிடுவார். நீங்கள் வரிசையில் நின்று உங்கள் முறைக்குத் தடியை வாங்கிச் சுற்றுவதுதான். இரண்டாம் தடவை போனால் அலுக்கும். முதல் தடவை அப்படி நிற்காமல், கேள்வி கேட்டு நச்சரியுங்கள். எத்தனை அடி, என்ன வேகம், இரைக்கும் கிளிப்புக்கும் எவ்வளவு தூரம், ஏன் அந்த நிறம்? ஆழத்தில் சிவப்பு முதலில் மறைந்துபோகும், பச்சையும் நீலமும் நிற்கும், விடியற்காலையில் ஒளிரும் வெள்ளை என்பதெல்லாம் நான் அப்படி ஒருவரிடம் கேட்டுக் கற்றதுதான்.

சொந்தப் படகு என்றால் படகின் நீளத்தைவிட வானிலை பார்க்கும் ஒழுங்கு முக்கியம். 1967 செப்டெம்பர் 23ஆம் திகதி, மிச்சிகன் ஏரியில் கோஹோ பிடிக்க நூற்றுக்கணக்கான சின்னப் படகுகள் வெளிக்கிட்டன. காற்று எச்சரிக்கை இருந்தும் போனார்கள், மீன் அப்படிப் பட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஏழு பேர் திரும்பவில்லை. பெரிய ஏரியின் அலை கடலலைபோல் நீண்டு வராது, குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்மேல் ஒன்றாக வரும். 18 அடிப் படகின் அணியம் ஒன்றிலிருந்து எழும்ப முன்னரே அடுத்தது வந்து விழும். நாலு பேரும் ஒரு மாதமாகத் திட்டமிட்டு லீவு எடுத்து வந்த நாளில் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல ஒருவன் வேண்டும். எங்களில் அது படகுக்காரன், அவன் சொன்னால் மறுபேச்சு இல்லை.

அனுமதிச் சீட்டையும் தூண்டில் எண்ணிக்கையையும் ஒவ்வொரு வருசமும் பாருங்கள். நடு ஏரியில் கனடா, அமெரிக்க நாட்டெல்லை ஓடுகிறது, ஒரு பக்கத்துச் சட்டம் மறுபக்கத்தில் செல்லாது. மீனைச் சாப்பிட வைத்திருப்பவர்கள் ஒன்ராறியோ அரசு வெளியிடும் மீன் உண்ணும் வழிகாட்டியையும் பார்க்கவேண்டும். பெரிய, கொழுத்த சால்மனில் பழைய தொழிற்சாலை நச்சு சேர்ந்திருக்கும், நடுத்தர மீனே நல்லது. எங்களோடு மீன் சாப்பிடுவதற்கென்றே ஒருவன் வருகிறான், அவனுக்கு இந்த வசனம்.

## நாங்கள் இப்போது விடுவது

பல வருசம் சண்டை பிடித்து நிலைத்த ஏற்பாடு இது: நடுவில் இரண்டு டவுன்ரிக்கர், இரண்டு பக்கமும் ஒவ்வொரு டைவர். டவுன்ரிக்கர் நேர் கீழே, டைவர் 3ஆம் எண்ணில் அகலமாக. ஒன்றின் வழியில் மற்றது வராது. நாலு தடி, நாலு ஆள், ஆளுக்கொன்று.

இறக்கும் ஒழுங்கும் உண்டு. விடியமுன்னர் போய்ச் சேர்ந்ததும் முதலில் டைவர் இரண்டையும் விடுவோம். அவை வெளியே விலகிய பிறகுதான் குண்டுகள். ஒரு டவுன்ரிக்கரில் பளபளத்துச் சுழன்று மீனைக் கவரும் தட்டான பிளாஷரும் அதற்குப் பின்னால் இறகாலான போலி ஈயும், மற்றதில் கரண்டி வடிவ உலோக இரையான வெறும் ஸ்பூன். ஒரு குண்டு குளிர்ப்படைக்குக் கொஞ்சம் மேலே, மற்றது கொஞ்சம் கீழே. வேகம் இரண்டேகாலிலிருந்து இரண்டரை மைல். ஜிபிஎஸ் காட்டுவது படகு தரையைப் பொறுத்து ஓடும் வேகம் மட்டும், கீழே நீரோட்டம் எதிர்த்திசையில் ஓடலாம். கிழக்கே ஓடும்போது கடி விழுந்து மேற்கே ஓடும்போது விழாவிட்டால் வேகத்தைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம்.

மீன் பட்டால் யார் என்ன செய்வது என்பதும் முன்னமே முடிவு. தடியில் ஒருவன், வலையில் ஒருவன், சுக்கானில் ஒருவன், மீன் படகுக்குப் பக்கத்தில் வரும்போது அந்தப் பக்கத்துக் குண்டைத் தூக்க ஒருவன். படகை நிறுத்துவதில்லை. நிறுத்தினால் மற்ற மூன்று தூண்டிலும் தாழ்ந்து ஒன்றாகிவிடும். தடி யாருக்கு என்பதில்தான் முன்பெல்லாம் முகம் கோணும். இப்போது சுற்று முறை: அடுத்த கடி யாருடையது என்று கடி விழுமுன்னரே தெரியும், எந்தத் தடியில் விழுந்தாலும் சரி.

ஆவணிக் கடைசியில் சினூக் ஆற்று வாய்களுக்கு முன்னால் கூடும்போது மட்டும் இதைக் கொஞ்சம் மாற்றுகிறோம். அவை இரை தின்பதைக் குறைத்துவிட்டிருக்கும், உடல் கறுக்கத் தொடங்கியிருக்கும், கோபத்தில்தான் கடிக்கும். 60, 80 அடி நீரில் அடிக்குச் சற்று மேலே மீன் வடிவப் பெரிய போலி இரையை, பிளக்கை, மெதுவாக இழுத்துப் பார்ப்போம். விடிந்து ஒரு மணி நேரம்தான், அதற்குப் பிறகு பிளாஸ்க் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் திரும்பலாம்.

செப்புக்காரன் இன்னும் விடவில்லை. அவனுடைய ரீல் இரண்டும் படகுக்காரனின் கராஜில், சுவரில், கம்பி மடியாமல் சுற்றித் தொங்குகின்றன. இந்த மாசியில் முடிவானது புதிய கிளிப் நாலு, டைவருக்கு ரப்பர் இழுவை இரண்டு, ஐந்தாவது உயிர்காப்பு அங்கி ஒன்று. சாப்பிட வருகிறவன் இந்த வருசம் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வருகிறானாம்.